சின்னக் கட்டி என்றார்கள், ரிப்போர்ட் வேறு சொல்கிறது

கேள்வி:

எனக்கு 56 வயது. மாதவிடாய் நின்று ஐந்து வருடம் ஆகிறது. இடது மார்பில் கட்டி என்று போனபோது ஸ்கேனில் 1.8 செ.மீ. என்றார்கள். பயாப்சியில் 'லோபுலர்' வகை, கிரேடு 2, ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ் என்று வந்தது. அக்குள் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. "சின்னக் கட்டிதான். அதை மட்டும் எடுத்துவிட்டு ரேடியேஷன், அப்புறம் மாத்திரை, அவ்வளவுதான்" என்றார் டாக்டர். மூன்று வாரம் கழித்து ஆபரேஷன் நடந்தது. பத்து நாளில் ரிப்போர்ட் ராத்திரி நேரத்தில் என் போனுக்கே வந்துவிட்டது. திறந்து பார்த்துவிட்டேன். கட்டி 4.2 செ.மீ. எடுத்த மூன்று நெறிக்கட்டியில் ஒன்றில் கேன்சர். ஒரு பக்கம் மார்ஜின் பாசிட்டிவ். இப்போது மறுபடி ஒரு ஆபரேஷன் என்கிறார்கள், கீமோ வேண்டுமா என்று பார்க்க ஒரு ஜீன் டெஸ்ட் என்கிறார்கள். அந்த மூன்று வாரத்தில் பரவிவிட்டதா? என்னிடம் மறைத்தார்களா? பெட் ஸ்கேன் கேட்கட்டுமா? பேசாமல் மார்பையே எடுத்துவிடச் சொல்லலாமா? என் கணவர் "தைரியமாக இரு, அழாதே" என்கிறார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. இனிமேல் எந்த ரிப்போர்ட்டையும் திறக்கக் கை நடுங்குகிறது. "முன்பே ஏன் தெரியவில்லை" என்று டாக்டரிடம் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ?

(பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டவற்றில் அந்த மூன்று வாரக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது மனதில் கிடக்கும்வரை நான் வேறு எதைச் சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது.

இல்லை, அந்த மூன்று வாரத்தில் கட்டி 1.8-லிருந்து 4.2-க்கு வளரவில்லை. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். குறுக்களவு 2.3 மடங்கு கூடினால் கன அளவு 12 மடங்குக்கு மேல் கூடியிருக்க வேண்டும். அதற்கு அந்தக் கட்டி மூன்றரை தடவைக்கு மேல் இரட்டிப்பாகியிருக்க வேண்டும். உங்களுடையதைப் போன்ற ஹார்மோன் வகைக் கட்டிகள் (ஹார்மோனால் வளர்பவை) ஒரு தடவை இரட்டிப்பாகவே பொதுவாக மாதக்கணக்கில் ஆகும். ஆக, ஸ்கேன் எடுத்த அன்றைக்கே அது கிட்டத்தட்ட இதே அளவில்தான் இருந்தது. நெறிக்கட்டியில் இருந்ததும் அப்போதே இருந்திருக்கும். ரிப்போர்ட் வந்த ராத்திரி உங்கள் உடம்பில் புதிதாக எதுவும் நடக்கவில்லை. சொல்லப்போனால், அந்த 4.2 சென்டிமீட்டரில் பெரும்பகுதி அதற்குப் பத்து நாள் முன்பே உங்கள் உடம்பைவிட்டு வெளியே போயிருந்தது.

அப்படியென்றால் ஸ்கேன் ஏன் பாதியைக்கூடக் காட்டவில்லை? இதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த 'லோபுலர்' தான். மார்பகப் புற்றுநோயில் பெரும்பான்மை 'டக்டல்' வகை. அதன் செல்கள் ஒன்றாகத் திரண்டு உருண்டையாக நிற்கும். கைக்கும் தட்டுப்படும், ஸ்கேனிலும் விளிம்பு தெரியும். லோபுலர் வகையில், செல்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கும் இ-கேடெரின் என்ற புரதம் பெரும்பாலும் இல்லாமல் போய்விடுகிறது. அதனால் செல்கள் எறும்பு ஊர்வதுபோல ஒற்றை வரிசையில், நல்ல திசுவின் இடுக்குகளில் புகுந்து போகின்றன. நடுவில் கொஞ்சம் அடர்ந்த பகுதியைத்தான் மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் 'கட்டி' என்று அளக்கின்றன. சுற்றிலும் போயிருக்கும் மெல்லிய வரிசைகள் அவற்றின் கண்ணில் படுவதில்லை. ஆபரேஷனுக்குப் பின் அளவு கூடிவருவது இந்த வகையில் எங்களுக்குப் பழக்கமான விஷயம். அக்குள் ஸ்கேனும் அப்படியே. நெறிக்கட்டி வீங்கியிருந்தால், உருமாறியிருந்தால் காட்டும். சில மில்லிமீட்டர் படிவை அது காட்டாது. அதற்காகத்தான் ஸ்கேன் சுத்தமாக இருந்தும் சென்டினல் நெறிக்கட்டிகளை, அதாவது மார்பிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் நெறிக்கட்டிகளை, எடுத்துப் பார்க்கிறோம்.

எம்ஆர்ஐ எடுத்திருந்தால் கூடுதல் அளவு முன்பே தெரிந்திருக்கலாம். லோபுலர் என்று பயாப்சியில் வந்தால் அதை எடுப்பவர்கள் உண்டு, எல்லோருக்கும் எடுக்காதவர்களும் உண்டு. எம்ஆர்ஐ சில சமயம் இல்லாததையும் இருப்பதாகக் காட்டி, வேண்டாத பயாப்சிகளில் கொண்டுபோய் விடும். உங்களுக்கு ஏன் எடுக்கவில்லை என்பது டாக்டரிடம் கேட்கத் தகுந்த கேள்விதான், கேளுங்கள். ஆனால் மறைத்தார்கள் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அன்று கையில் இருந்த தகவலுக்கு அந்தத் திட்டம் சரியானதுதான். நான் குறை சொல்வதென்றால் "அவ்வளவுதான்" என்றாரே, அதைத்தான் சொல்வேன். பயந்துபோய் வருபவருக்கு ஆறுதலாக எங்களில் பலர் அப்படிச் சொல்லிவிடுகிறோம். ஆபரேஷனுக்கு முன் சொல்லும் எந்தத் திட்டமும் பேத்தாலஜி ரிப்போர்ட் (எடுத்த திசுவைச் சோதித்த ரிப்போர்ட்) வரும்வரை தற்காலிகம்தான் என்று அப்போதே சொல்லியிருந்தால் அந்த ராத்திரி உங்களுக்கு இவ்வளவு கொடுமையாக இருந்திருக்காது.

இனி அந்த ரிப்போர்ட்டுக்குள் போவோம். உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் மூன்று விஷயமும் ஒரே எடை உள்ளவை அல்ல.

முதலில் மார்ஜின், அதாவது வெட்டி எடுத்த சதைத் துண்டின் விளிம்பு. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து சதைத் துண்டை அனுப்பும்போது எது மேல்பக்கம், எது வெளிப்பக்கம் என்று தெரிய அடையாளத் தையல் போட்டு அனுப்புவார்கள். பேத்தாலஜிஸ்ட் அதன் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு நிற மை தடவுவார். ஃபார்மலினில் ஊறிய பிறகு வில்லை வில்லையாக நறுக்கி, மெழுகில் பதித்து, அதிலிருந்து மிக மெல்லிய சீவல் எடுத்து, சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். அங்கே மையின் மேல் கேன்சர் செல் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் பாசிட்டிவ். எந்த நிறம் என்பதை வைத்து எந்தப் பக்கம் என்று சர்ஜன் தெரிந்துகொண்டு அங்கே மட்டும் இன்னும் கொஞ்சம் எடுப்பார். அப்படி இரண்டாவது முறை எடுத்த திசுவில் பல சமயம் ஒன்றுமே இருப்பதில்லை. ஓடும் வரிசைகளாகப் பரவும் லோபுலரில் மார்ஜின் பிரச்சினை கொஞ்சம் அதிகம். அலுப்பான விஷயம், மறுபடி மயக்க மருந்து, மறுபடி தையல். ஆனாலும் உயிருக்கான கணக்கில் இது சின்ன விஷயம்.

நெறிக்கட்டி அப்படியில்லை, அதை நான் மழுப்ப விரும்பவில்லை. ஒரு நெறிக்கட்டியில் இருப்பதும், கட்டி 4 சென்டிமீட்டரைத் தாண்டுவதும் நோய் திரும்பும் வாய்ப்பை முன்பு நினைத்ததைவிடக் கூட்டத்தான் செய்யும். ஹார்மோன் வகை ஐந்து வருடம் தாண்டியும் திரும்பி வரக்கூடியது என்பதால், மாத்திரை ஐந்து வருடத்தோடு நிற்காமல் ஏழு, பத்து என்று நீளலாம். நீங்கள் வருத்தப்பட்டது வீண் வருத்தம் இல்லை. அதே சமயம் இதுவும் ஆரம்ப நிலைக்குள்தான் வருகிறது. குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் உங்களுக்கு வைத்தியம் நடக்கிறது. அது ஒரு துளியும் மாறவில்லை. அந்த நெறிக்கட்டியில் எவ்வளவு இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. 2 மில்லிமீட்டருக்குள் என்றால் அதை மைக்ரோ படிவு என்போம், அதன் பாரம் குறைவு. ரிப்போர்ட்டில் அந்த எண் இருக்கும். அடுத்த முறை டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

அக்குளில் மற்ற நெறிக்கட்டிகளையும் எடுக்க வேண்டுமோ என்று இந்நேரம் யாராவது உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். ஒன்றிரண்டு சென்டினல் நெறிக்கட்டியில் மட்டும் இருந்து, கட்டியை மட்டும் எடுத்து, மார்பு முழுவதற்கும் ரேடியேஷன் கொடுப்பவர்களுக்கு அக்குளைத் துடைத்தெடுக்கத் தேவையில்லை. இசட்0011 என்ற ஆய்வில் அப்படி விட்டவர்களும் எடுத்தவர்களும் ஒரேபோல வாழ்ந்திருக்கிறார்கள். அதன் 10 வருட முடிவு 2017-ல் வந்தது. கை வீக்கம் வரும் ஆபத்து இதனால் பெரிதும் குறைகிறது. இதை நினைவில் வையுங்கள், மார்பையே எடுப்பது பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

கீமோ இன்னும் முடிவாகவில்லை. அதை 'கீமோ உண்டு' என்றே மனதுக்குள் எழுதிவிட வேண்டாம். அவர்கள் சொல்லும் ஜீன் டெஸ்ட், எடுத்த கட்டியில் செய்வது. 21 மரபணுக்களைப் பார்த்து 0 முதல் 100 வரை ஒரு ஸ்கோர் தரும் டெஸ்ட்டாக இருந்தால், உங்களைப் போன்றவர்களுக்கென்றே ஒரு விடை இருக்கிறது. ஒன்று முதல் மூன்று நெறிக்கட்டி பாசிட்டிவான சுமார் 5,000 பெண்களை வைத்து நடந்த ஆர்எக்ஸ்பாண்டர் ஆய்வு 2021-ல் வெளியானது. மாதவிடாய் நின்றவர்களில் ஸ்கோர் 25 வரை இருந்தால் ஹார்மோன் மாத்திரையோடு கீமோவைச் சேர்த்ததில் பலன் எதுவும் கூடவில்லை. மாதவிடாய் நிற்காதவர்களுக்குப் பலன் இருந்தது, ஆகவே இளவயது உறவுக்காரர் யாருக்கோ நடந்ததை உங்களுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். லோபுலர் வகையில் ஸ்கோர் 25-ஐத் தாண்டுவது குறைவு. தாண்டாது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது, தாண்டினால் கீமோவால் பலன் உண்டு என்று பொருள்.

ஜீன் டெஸ்ட் என்றதும் பிள்ளைகளுக்கும் வருமோ என்று கவலைப்படுகிறவர்கள் நிறைய. இந்த டெஸ்ட்டுக்கும் பரம்பரைக்கும் சம்பந்தமில்லை. பிஆர்சிஏ போன்ற பரம்பரை மரபணுக்களைப் பார்ப்பது வேறு டெஸ்ட், ரத்தத்திலோ எச்சிலிலோ செய்வது. 65 வயது வரை மார்பகப் புற்றுநோய் வந்த எல்லோருக்கும் அதைச் செய்துகொள்ளும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பது 2024-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல். உங்களுக்கு வேண்டுமா என்று தனியாகக் கேளுங்கள்.

இன்னொன்று. நோயின் நிலை கூடியதால், முதல் திட்டத்தில் பேச்சுக்கே வந்திருக்காத ரிபோசிக்ளிப் என்ற மாத்திரை இப்போது உங்களுக்குப் பேசத் தகுந்ததாகிறது. ஹார்மோன் மாத்திரையோடு சேர்த்து, நோய் திரும்புவதைக் குறைக்கத் தருவது. இரண்டாம், மூன்றாம் நிலை நோய்க்கு அமெரிக்காவில் 2024 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. ரத்த அணுக்கள், கல்லீரல், ஈசிஜி எல்லாம் பார்த்துக்கொண்டே தர வேண்டிய மருந்து. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அந்த 4.2 தெரியாமல் போயிருந்தால், 1.8-க்கான வைத்தியத்தோடு உங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

உடம்பு முழுவதும் தேடிப் பார்க்கும் பெட் ஸ்கேனைக் கேட்கும் ஆசை எனக்குப் புரிகிறது. "வேறெங்கும் இல்லை" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் நிம்மதி என்று தோன்றும். ஆனால் எலும்பு வலி, விடாத இருமல், மஞ்சள் காமாலை போன்ற அறிகுறி எதுவும் இல்லாத ஆரம்ப நிலையில் வழிகாட்டுதல்கள் இதை வழக்கமாகச் செய்யச் சொல்வதில்லை. அதிலும் லோபுலர் வகை பெட் ஸ்கேனில் அவ்வளவாக ஒளிராது. அது 'இல்லை' என்று சொன்னாலும் முழு நம்பிக்கை வைக்க முடியாது. மறுபக்கம், பழைய சளித் தழும்பு, மூட்டுத் தேய்மானம், ஆபரேஷன் செய்த இடத்துப் புண் எல்லாம் ஒளிரும். அப்புறம் "நுரையீரலில் 4 மில்லிமீட்டர் புள்ளி, மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்று ஒரு வரி வரும். இப்போது இருக்கும் நிலையில் அந்த வரியோடு மூன்று மாதம் உங்களால் இருக்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் டாக்டர் ஏதாவது காரணம் வைத்து ஸ்கேன் கேட்டால் அது வேறு. பயத்துக்கு மருந்தாக ஸ்கேன் கேட்காதீர்கள் என்பதுதான் என் கருத்து.

மார்பையே எடுப்பது. கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தவர்களும் மார்பை முழுதாக எடுத்தவர்களும் ஒரே அளவு காலம் வாழ்கிறார்கள் என்பதை அமெரிக்காவிலும் இத்தாலியிலும் 20 வருடம் பின்தொடர்ந்து பார்த்து 2002-ல் எழுதினார்கள். ஆகவே 'முழுசா எடுத்தால்தான் உயிர் தப்பும்' என்பதற்கு ஆதாரம் இல்லை. முழுதாக எடுத்தால், அக்குளைப் பற்றி மேலே சொன்ன கணக்கும் மாறிவிடலாம். இரண்டாவது ஆபரேஷனிலும் மார்ஜின் பாசிட்டிவாக வந்தால், அல்லது எடுத்த பின் மார்பின் வடிவமே கெட்டுவிடும் என்றால், அப்போது முழுதாக எடுப்பதைப் பற்றிப் பேசலாம். உங்களுக்கே அதுதான் நிம்மதி என்றால் அதுவும் மதிக்க வேண்டிய முடிவுதான். ஆனால் தூங்காத ராத்திரிகளுக்கு நடுவே அதை எடுக்காதீர்கள். இரண்டு வாரம் பொறுத்தால் எதுவும் கெட்டுவிடாது. கீமோ தேவைப்பட்டால் முதல் ஆபரேஷனிலிருந்து மூன்று மாதத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதுதான் நாங்கள் மனதில் வைத்திருக்கும் எல்லை. மறு ஆபரேஷன், ஸ்கோர் இரண்டுமே அதற்குள் வந்துவிடும்.

உங்கள் கணவருக்கு ஒன்று சொல்ல வேண்டும், இந்தப் பகுதியை அவரிடமே படிக்கக் கொடுங்கள். ஐயா, அழுதால் புற்றுநோய் வளராது. தைரியமாக இருப்பவர்கள் பிழைப்பார்கள், கலங்குபவர்களுக்குத் திரும்பிவரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. "அழாதே" என்று சொல்லும்போது, உங்கள் மனைவி நோயோடு சேர்த்து உங்களிடம் காட்ட வேண்டிய முகத்தையும் சுமக்க வேண்டியதாகிறது. அதைவிட ஆஸ்பத்திரிக்குக் கூட வந்து, டாக்டர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதுங்கள். அறைக்குள் போனதும் நோயாளிக்குப் பாதி காதில் விழாது. அனுமதி கேட்டு போனில் பதிவு செய்துகொள்வதும் நல்லது.

இனி வரப்போகும் ரிப்போர்ட்டுகள். மறு ஆபரேஷன் பேத்தாலஜி வரும், ஸ்கோர் வரும், லெட்ரசோல் போன்ற ஹார்மோன் மாத்திரை தொடங்கும் முன் எலும்பு அடர்த்தி ஸ்கேன் வரும். அதிலும் எலும்புத் தேய்வு என்று வரலாம், உங்கள் வயதில் அது அபூர்வம் இல்லை, மருந்தும் இருக்கிறது. இவை எதுவும் போனில் தனியாக, ராத்திரியில் வந்து நிற்க வேண்டாம். மாதிரி அனுப்பும் அன்றே கேளுங்கள்: எந்த வாரம் வரும், யார் சொல்வார்கள், இப்படி வந்தால் என்ன, அப்படி வந்தால் என்ன. மார்ஜின் சுத்தமென்றால் ரேடியேஷன், இல்லையென்றால் எது என்று இரண்டையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போகிறவர் ரிப்போர்ட்டைப் பார்த்து அதிர்ந்துபோவதில்லை. வருத்தப்படுவார், ஆனால் தரை நழுவாது. போனில் அறிவிப்பு வந்தால், டாக்டரைப் பார்க்கும்வரை திறக்க வேண்டாம் என்று முடிவெடுக்கலாம். அல்லது மகனோ மகளோ முதலில் படிக்கட்டும். திறக்காமல் இருந்தால்தான் பதற்றம் அதிகம் என்பவர்களும் உண்டு. அவர்கள் பகலில், ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது, மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பேச முடியும் என்ற நாளில் திறக்கட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

தூக்கமின்மையை 'இதெல்லாம் சகஜம்' என்று விட்டுவிடாதீர்கள். ரிப்போர்ட் வந்து முதல் சில நாள் சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் உங்கள் கேன்சர் டாக்டரிடம் சொல்லி மனநல மருத்துவரைப் பாருங்கள். கடைசியாகச் சொன்னது தோன்றினால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே சொல்லுங்கள். மாத்திரை எழுதினால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: உங்களுக்கு டாமாக்சிபென் கொடுப்பதாக இருந்தால் பராக்செடின், ஃபுளுவாக்செடின் என்ற மனச்சோர்வு மருந்துகள் இரண்டையும் தவிர்ப்போம், அவை டாமாக்சிபெனின் வேலையைக் குறைக்கக்கூடும். எந்த ஹார்மோன் மாத்திரை என்று மனநல மருத்துவரிடம் சொன்னால் அவர் பார்த்துக்கொள்வார்.

கடைசிக் கேள்வி, டாக்டர் கோபித்துக்கொள்வாரா. "முன்பே ஏன் தெரியவில்லை?" என்பதை அப்படியே கேளுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் ஸ்கேன் படத்தையும் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். அது உங்களுக்கு நான் எழுதும் எதையும்விடப் பயன்படும், ஏனென்றால் நான் உங்கள் ஸ்லைடைப் பார்க்கவில்லை. ஈஆர் (ஹார்மோன் பாசிட்டிவா என்று பார்ப்பது), ஹெர்2 சோதனைகளை ஆபரேஷன் திசுவில் மறுபடி செய்தார்களா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். பயாப்சி ஊசி எடுத்தது கட்டியின் ஒரு சின்னப் பகுதியைத்தான். பதில் திருப்தியாக இல்லை என்றால், மெழுகுக் கட்டைகளும் ஸ்லைடுகளும் லேபில் பத்திரமாக இருக்கும். அவற்றை வாங்கி இன்னொரு பேத்தாலஜிஸ்ட்டிடம் காட்டுவது உங்கள் உரிமை, இன்னொரு புற்றுநோய் மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் அப்படியே. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால், கட்டாயம் இன்னொருவரைப் பாருங்கள்.